பண்ணையார் வாசலில் தமுக்கு

ருமேனியாவை ஒட்டிய பானாத் சமவெளியில் ஒருவன் நொடித்துப் போனால், நொடித்துப் போனான் என்று யாரும் சொல்வதில்லை. "தமுக்குக்குப் போயிட்டான்" என்பார்கள். வழக்கு நடந்து, தீர்ப்பாகி, வீட்டையும் மாட்டையும் ஏலம் விட நாள் குறித்தால் ஊர்த் தமுக்குக்காரர் அந்த வீட்டு வாசலில் வந்து நின்று அடிப்பார். மற்றச் சேதிகளுக்கெல்லாம் தெருமுனை. ஏலத்துக்கு மட்டும் வாசல். இந்த வித்தியாசம் ஸுவா பாரா என்ற எங்கள் கதை ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் அந்தச் சொல் ஏலத்தோடு நின்றுவிடவில்லை. முட்டை இடுவதை நிறுத்திய கோழி தமுக்குக்குப் போனது. பள்ளி ஆசிரியரின் முன்மண்டை முடி தமுக்குக்குப் போனது. சீட்டில் தோற்றவன் "இன்னிக்கு நான் தமுக்கு" என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். கல்யாணமாகி ஆறு மாதத்திலேயே பெண்டாட்டியிடம் பேச விஷயம் தீர்ந்துபோன தச்சனைப் பற்றியும் ஊர் அதையேதான் சொன்னது. ஒரே ஒருவர் காதுபட மட்டும் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் பண்ணையார் அர்காதியே.

அர்காதியேவிடம் நிலம் இருந்தது, கறுப்புக் குதிரை ஜோடி இருந்தது, வாசல் தூண்களின் மேல் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மலச்சிக்கல் வந்த நாயைப் போலிருந்ததை ஊரே கவனித்திருந்தது, அவர் கவனிக்கவில்லை. "காலை வணக்கம்" சொல்வதற்கு முன்னால்கூட, சட்டசபையைத் திறந்து வைப்பவர்போல் ஒருமுறை கனைத்துக்கொள்வார். அவர் சாராயக் கடைக்குள் நுழைந்தால் சிரிப்பு நிற்கும், சீட்டுக்கட்டு மேசைக்கடியில் போகும், எல்லோரும் தொப்பியைத் தொடுவார்கள். அதை அவர் மரியாதை என்று நினைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேல், அவரிடம் செங்கல் பாவிய நடைபாதை இருந்தது. ஸுவா பாரா என்றால் வறண்ட குட்டை. பெயர் வைத்தவர் மழைக்காலத்தில் வந்து பார்க்கவில்லை. நவம்பரில் தெருவில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. கால் திரும்பி வரும், செருப்பு வராது. அர்காதியே தன் வாசலுக்கு முன்னால் மட்டும், தன் பெயரின் முதல் எழுத்து பொறித்த செங்கற்களைச் சுட வைத்துப் பாவியிருந்தார். அதில் பன்றி நடக்கக் கூடாது, பிள்ளைகள் நடக்கக் கூடாது. அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தார்.

அவர் மனைவி பெர்சிதாவுக்கு அந்தச் செங்கல்லைப் பார்த்தால் எரிச்சல். அந்தச் செங்கல்லைத் தாண்டித்தான் மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒரே மகள் ஸ்மில்யா வீட்டைவிட்டுப் போனாள், பக்கத்து டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த காவ்ராவோடு.

"நாலு கால்ல ஒரு மாடு கிடையாது, நாலு சக்கரத்துல ஒரு வண்டி கிடையாது," என்று அர்காதியே சாராயக் கடையில் முழங்கினார். "ரெண்டே சக்கரம்! அதுவும் அடுத்தவன் சக்கரம்! என் வாசல்ல தமுக்கு அடிக்கிற அன்னிக்குத்தான் அந்தப் பயல் என் படியை மிதிப்பான்!"

சேதி ஸ்மில்யாவுக்குப் போனது. பதிலும் வந்தது: "சரிப்பா, அன்னிக்கே வரேன். அதுக்கு முன்னாடி கூப்பிட்டாக்கூட வரமாட்டேன்."

இரண்டு பேருக்கும் ஒரே தாடை. அந்தத் தாடையைப் பெர்சிதாதான் பெற்றுக்கொடுத்தாள், அதற்காக வருந்தவும் செய்தாள். இப்போது ஸ்மில்யாவுக்கு ஒரு பையன். பெயர் மித்தார், அர்காதியே குடும்பம் வழிவழியாகக் கும்பிடும் புனிதரின் பெயர். பெயரை வைத்தவள் பிள்ளையைக் காட்டவில்லை. பெர்சிதா வண்டிக்காரன் மூலம் பழப்பாகு ஜாடிகளை அனுப்பினாள். ஜாடிகள் காலியாகத் திரும்பி வந்தன. வழக்கப்படி, புனித மித்தார் திருநாளன்று பண்ணையார் வீட்டுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவர் எவரையும் திருப்பி அனுப்புவதுமில்லை. வருஷா வருஷம் அன்று அவள் மேசையில் இரண்டு தட்டுக் கூடுதலாக வைப்பாள். இந்த வருஷம் ஒரு சின்னக் கரண்டியும் எடுத்து வைத்திருந்தாள்.

திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. பெர்சிதா வாசல் கூரைக்கடியில் உட்கார்ந்து வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மழை கொஞ்சம் நின்று, கோஷவா என்னும் குளிர்காலப் பேய்க்காற்று எழுந்திருந்தது. தமுக்குக்காரர் யெஃப்தா தெருமுனையில் கணுக்கால் தண்ணீரில் நின்று, தமுக்கைக் கோட்டுக்குள் பிள்ளைபோல் பொத்திக்கொண்டிருந்தார்.

"யெஃப்தாண்ணே! தண்ணியில ஏன் நிக்கிறீங்க? இங்க கூரைக்கடியில வாங்க."

"வேணாம்மா. உங்க வாசல்ல நான் நின்னா…"

"தோல் நனைஞ்சா உங்க தமுக்கு தவளை மாதிரிக் கத்தும். வாங்க. அவரு ஊர்ல இல்ல. திருநாளுக்குப் புதுத் தொப்பி வாங்க டவுனுக்குப் போயிருக்காரு."

"இருக்கிற தொப்பிக்கு என்னம்மா?"

"தலை பெருசாயிருச்சு."

யெஃப்தா சிரித்துக்கொண்டே செங்கல் மேல் ஏறினார். பெர்சிதா மல்பெரிச் சாராயம் ஊற்றிக் கொடுத்தாள். முதல் கிண்ணம் காலைச் சூடாக்கியது. இரண்டாவது கையைச் சூடாக்கியது. பிறகு அவர் அடித்த அடி இருக்கிறதே, அப்படி ஒரு அடியை ஸுவா பாரா போர் முடிந்த நாளில்கூடக் கேட்டதில்லை.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! வெள்ளிக்கிழமை காலை கால்நடை டாக்டர் வருகிறார்! நாய் வைத்திருப்போர் அனைவரும் நாயைக் கட்டி இழுத்து வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்! அதாவது நாய்க்கு!"

காற்று வார்த்தைகளை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ருமேனியா பக்கம் ஓடிவிட்டது. தமுக்குச் சத்தம் மட்டும் கனமாகத் தெருவில் உருண்டது.

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைவதைப் பெர்சிதா பார்த்தாள். அடுத்த வீட்டுத் திரையும். பக்கத்து வீட்டு லெபொஸாவா கதவைத் திறந்து, வாயில் கைவைத்து, கதவைச் சாத்தினாள். அப்போதுதான் பெர்சிதாவுக்கு உறைத்தது. பாதி மொட்டையான வாத்து மடியிலிருந்து நழுவியது.

தெருவைத் தாண்டி ஒரே ஒரு வார்த்தை கத்தினால் போதும். "நாய்!" அவ்வளவுதான்.

அவள் வாயைத் திறந்தாள். டவுனுக்குப் போகும் வண்டிக்காரன் மூலையில் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனான். பழப்பாகு ஜாடி கொண்டுபோகும் அதே வண்டிக்காரன்.

பெர்சிதா வாயை மூடினாள். வாத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"நல்லா அடிச்சீங்க அண்ணே," என்றாள். "இன்னொரு கிண்ணம் ஊத்தட்டுமா?"

சாயங்காலம் அர்காதியே புதுத் தொப்பியோடு வந்து சேர்ந்தார். தெருவில் யாரும் தொப்பியைத் தொடவில்லை. அருகில் வந்து அவர் தோளைத் தொட்டார்கள். கொல்லன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் நின்றான். அர்காதியே வீட்டுக்குள் வந்து கண்ணாடி முன் தொப்பியை ஒருபுறமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"பெர்சிதா, நல்ல தொப்பி ஒரு மனுஷனை எப்படி மாத்துது பார்த்தியா?"

"பார்த்துக்கிட்டே இருக்கேங்க."

மறுநாள் காலை லெபொஸாவா ஒரு சட்டி நிறைய மொச்சைக் குழம்பு கொண்டு வந்தாள். "சும்மாதான் அக்கா. நிறைய வெந்திருச்சு," என்று சட்டியை வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்தபடி ஓடினாள். கொல்லன் வெங்காயச் சரம் ஒன்றை வாசலில் மாட்டிவிட்டுப் போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் தமுக்குக்குப் போனவனிடம் தமுக்கைப் பற்றிப் பேசுவது அசிங்கம், வானிலை பேசலாம்.

சாராயக் கடையில் சீட்டுக்கட்டு மேசைக்கடியில் போகவில்லை. "அர்க்கா, உக்காரு, ஒரு கை போடு," என்று கொல்லன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் அம்மா செத்த பிறகு அர்க்கா என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கனைத்தார், உட்கார்ந்துவிட்டார். ஆடினார். ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். ஊரே சேர்ந்து தோற்றுக்கொடுக்கிறது என்று கண்டுபிடிக்கிற அறிவு அவருக்கு இல்லை. இருந்திருந்தால் சிங்கத்தின் முகத்தை முன்னமே பார்த்திருப்பார்.

வீட்டுக்கு வந்தவர் முகம் பன்றிக்கொழுப்பில் பொரித்த பணியாரம்போல் மினுமினுத்தது.

"இந்த ஜனங்களுக்கு என் மதிப்பு கடைசியா புரிஞ்சிருச்சுடி! என்னைப் பார்த்தா எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வருது!"

பெர்சிதா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

இந்தச் சந்தோஷம் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் முடிந்தது. ஆலைக்காரர் ப்ரோகா வந்தார். ஊரில் இரண்டாவது பெரிய வயிறு அவருடையது. தொழுவத்துக்குப் போய், கறுப்புக் குதிரைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன விலைன்னு நீயே சொல்லு. இந்த நேரத்துல உன்கிட்ட பேரம் பேச எனக்கு மனசு வரல. ஆனா பேசித்தான் ஆகணும்."

"நான் ஏன்யா குதிரையை விக்கணும்?"

"புரியுது, புரியுது." ப்ரோகா கண்ணடித்தார். "வெளிய தெரிய வேணாம். ஏலத்துல போனா அடிமாட்டு விலைதான். அதுக்கு முன்னாடி நம்மளுக்குள்ள…"

"எந்த ஏலம்?"

"அட, நீ ஊர்ல இல்லாதப்ப அடிச்சாங்களேப்பா. உன் வாசல்ல. தமுக்கு."

அர்காதியேவின் மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாக நடுங்கியது. ப்ரோகாவைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, யெஃப்தாவை இழுத்து வரச் சொன்னார்.

"நாய்ச் சேதி ஐயா!" யெஃப்தா தொப்பியைப் பிசைந்தார். "நான் நாய்னுதான் சொன்னேன்!"

"போ! ஒவ்வொரு தெருமுனையிலயும் போய் அடி! அர்காதியே தமுக்குக்குப் போகலைன்னு சொல்லு!"

"ஐயா… அதை எப்படி ஐயா தமுக்கடிச்சுச் சொல்றது?"

"வாயால சொல்லு, கையால அடி! இதுகூடத் தெரியாம எத்தனை வருஷமா இந்த வேலை பார்க்கிற?"

பெர்சிதா ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டாள். காற்று அன்று அடங்கியிருந்தது. வார்த்தை ஒன்றுகூட வீணாகவில்லை. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! பண்ணையார் அர்காதியே நொடித்துப் போகவில்லை! அவரிடம் எல்லாம் இருக்கிறது! நிறைய இருக்கிறது!"

அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் அதோடு நம்பிவிட்டார்கள். லெபொஸாவா வேலியோரம் நின்று விம்மினாள். "பாவம் மனுஷன். எந்த நிலைமையில இருந்தா இப்படியெல்லாம் சொல்லச் சொல்லணும்!"

"நான் பணக்காரன்டி!" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அர்காதியே கத்தினார்.

"ஆமாண்ணே, ஆமா," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனசுல பணக்காரரா இருந்தாப் போதும்."

திருநாள் விடிந்தது. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டினார், மெழுகுவர்த்தி எரிந்தது, வேகவைத்த கோதுமையையும் அக்ரூட்டையும் எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். வழக்கம்போல் வீட்டுத் தலைவர் உட்காராமல் நின்றே விருந்தாளிகளைக் கவனித்தார். ஆனால் இந்த வருஷம் ஸுவா பாரா முழுக்க வந்திருந்தது, அதுவும் சட்டியும் கையுமாக. திருநாள் வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு கொண்டு வருவதைப்போல் அவமானம் வேறில்லை. இந்த வீட்டில் உலை எரியவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்வது அது. கோஸ் இலையில் சுருட்டிய கறி மட்டும் ஏழெட்டுச் சட்டி வந்தது. அர்காதியே ஒவ்வொரு சட்டியாக வாங்கி வைத்தார். ஒவ்வொரு சட்டிக்கும் கழுத்து இன்னும் கொஞ்சம் சிவந்தது. "எல்லாரும் சாப்பிட்டதும் எழுந்து நின்னு சொல்லப்போறேன்," என்று பெர்சிதாவின் காதில் கடித்தார். "பேங்க் பாஸ்புத்தகத்தை எடுத்து வெச்சிருக்கேன். வாசிக்கப்போறேன்."

அப்போது வாசலில் சிரிப்பு கேட்டது.

சேற்றில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அது காவ்ராவைச் சுமக்கவில்லை. காவ்ராதான் அதைத் தோளில் சுமந்து வந்தான். பின்னால் ஸ்மில்யா, பாவாடையைத் தூக்கிச் செருகியபடி, இடுப்பில் பிள்ளையோடு. மூன்று பேரும் கழுத்துவரை சேறு. செங்கல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார்கள்.

பெர்சிதாவின் கையில் சூப்புப் பாத்திரம் இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்று அவளுக்குப் பிறகு ஞாபகமே இல்லை. மூன்றாம் நாள்தான் கோழிக்கூண்டுக்கு மேலே கிடைத்தது.

"அப்பா," என்றாள் ஸ்மில்யா. "வண்டிக்காரர் சொன்னாரு. தமுக்கு அடிச்சாங்களாமே, நிஜமா?"

அர்காதியே செங்கல்லின் விளிம்புவரை வந்து கனைத்தார். அந்தக் கனைப்பு பெர்சிதாவுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு சொற்பொழிவு நிற்கும். இன்று அதற்குப் பின்னால் பாஸ்புத்தகமும் நின்றது.

ஸ்மில்யா அவரைப் பேசவிடவில்லை. "பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்கப்பா. இப்படியே திரும்பிடறோம். பணக்கார வீட்டு விருந்துக்கு நாங்க வரல. உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம்."

"கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு மாமா," என்றான் காவ்ரா, சைக்கிளைத் தோளிலிருந்து இறக்காமலே. "டயர் வாசனை வரும். ஆனா ஒழுகாது."

வீடு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. ப்ரோகா கையில் கோழிக்காலோடு முன்வரிசையில் நின்றார். அர்காதியே மகளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிள்ளை கையை நீட்டிப் புதுத் தொப்பியை எட்டிப் பிடித்து இழுத்து, விளிம்பை வாயில் வைத்துக் கடித்தது. அந்தச் சின்னத் தாடை அசைந்தது. அது யார் தாடை என்று சொல்ல வேண்டியதில்லை.



"கொஞ்சம்…" என்றார் அர்காதியே. அவர் குரல் கனைக்காத குரலாக இருந்தது. "கொஞ்சம் கஷ்டம்தான்."

"கொஞ்சமா?" என்றாள் ஸ்மில்யா.

ப்ரோகா கோழிக்காலைக் கடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அர்காதியே கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டம்மா. எல்லாமே தமுக்குக்குப் போயிருச்சு."

ஸ்மில்யா செங்கல் மேல் கால் வைத்தாள். முழுச் சேறும் அதன் மேல் படிந்தது. அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டபோது பாதிச் சேறு அவர் வெள்ளைச் சட்டைக்கு மாறியது. பிள்ளை கை மாறியது, தொப்பியும் பிள்ளையோடு போனது. ஜன்னலில் லெபொஸாவா "ஆண்டவரே!" என்று ஓங்கி அழுதாள். யாரோ அந்த ஊர்த் தம்புராவை, மாண்டலின் மாதிரியான வாத்தியத்தை, மீட்டத் தொடங்கினார்கள்.

"பங்க்ச்சர் ஒட்டத் தெரியுமா மாமா?" காவ்ரா சைக்கிளைச் சிங்கத்தின் மேல் சாய்த்தான். "தெரியலன்னாலும் பரவால்ல. கத்துக்கலாம்."

"கத்துக்கலாம்," என்றார் அர்காதியே. இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பெர்சிதா கேட்பது இதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்கு மேல், ரொட்டி தீர்ந்துபோய், மாவு எடுக்க ஸ்மில்யா பரணுக்கு ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை. பெர்சிதா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். உத்தரம் நெடுக உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடைகள், கொத்துக்கொத்தாய்ப் புகையூட்டிய தொத்திறைச்சி, மூலையில் முட்டுக்கொடுத்து அடுக்கிய மாவு மூட்டைகள். நடுவில் ஸ்மில்யா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மா! தமுக்குக்குப் போன வீட்டுப் பரணா இது?"

"மெதுவாப் பேசுடி."

"அந்தத் தமுக்கு எதுக்கு அடிச்சாங்க? உண்மையைச் சொல்லு."

"நாய்க்கு ஊசி போட."

ஸ்மில்யா ஒரு மாவு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. பெர்சிதா பயந்து குனிந்து பார்த்தால், சிரிப்பு. சத்தம் வராமல், கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. பெர்சிதாவுக்கும் தொற்றிக்கொண்டது, இரண்டு பேரும் ஒரு பன்றித்தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்ப அப்பா எதுக்கு ஆமான்னாரு?"

"வாயை மூடிக்கிட்டு மாவை அள்ளு," என்றாள் பெர்சிதா. "அவரு காதுல விழுந்துச்சுன்னா மறுபடி பணக்காரரா ஆயிருவாரு."

கீழே தம்புராவின் தாளம் வேகமானது. ஜன்னல் வழியே பார்த்தபோது, அர்காதியே சேற்றுச் சட்டையோடு, கையில் பேரனோடு, ப்ரோகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தமுக்குக்குப் போனவன்கிட்ட ஏதுய்யா குதிரை? அது இப்ப சைக்கிள் கடைச் சொத்து. மாப்பிள்ளையைக் கேளு."

குளிர்காலம் முடிவதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாய்கள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. சீட்டு மேசையில் அவர் நாற்காலி அங்கேயே இருந்தது. ஒரே மாற்றம், இப்போது அவர் தோற்றார்.

அடுத்த மழையில், யெஃப்தா வரி கட்டும் சேதியோடு தெருமுனையில் தண்ணீருக்குள் நின்றார். வாசல் கதவு திறந்தது. செங்கல் மேல் பழைய சைக்கிள் தடம், பிள்ளை தவழ்ந்த தடம், எவனோ ஒருவனுடைய பன்றியின் தடம். அர்காதியே சட்டைக்கையை மடித்துவிட்டு நின்றார். விரலில் பங்க்ச்சர்ப் பசை ஒட்டியிருந்தது.

"ஏய் யெஃப்தா! அங்க ஏன்யா நிக்கிற? இங்க வா, வாசல்ல நின்னு அடி."

"வேணாம் ஐயா. அப்புறம் ஊர் ஏதாவது சொல்லும்."

"சொல்லட்டும்." பண்ணையார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பேரனைப் பார்த்து ரெண்டு வாரமாச்சு. கொஞ்சம் பலமா அடி. டவுன் வரைக்கும் கேக்கணும்."

உள்ளேயிருந்து பெர்சிதா, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, மல்பெரிச் சாராயத்தை ஊற்றி எடுத்து வந்தாள்.